படுக்கையருகே பார்க்கும் ஐஎன்ஆர்: கன்ட்ரோல் சரியாக வந்தும் ஆய்வக முடிவோடு ஒத்துப்போகவில்லை

கேள்வி: வார்டு செவிலியர்

அனைவருக்கும் வணக்கம். இதய நோய் வார்டிலும் அதனோடு சேர்ந்த வார்ஃபரின் (ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து) கண்காணிப்புப் பிரிவிலும் செவிலியர் பொறுப்பில் இருக்கிறேன். விரல் நுனியில் குத்தி எடுக்கும் ஒரு துளி ரத்தத்தைக் கொண்டு ஓரிரு நிமிடங்களில் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதைக் காட்டும் எண்; மிக உயர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து, தாழ்ந்தால் உறைவு ஆபத்து) சொல்லும் கையடக்கக் கருவிகள் இரண்டு எங்களிடம் உள்ளன. அந்த எண்ணைப் பார்த்துத்தான் மருத்துவர் மருந்தின் அளவை முடிவு செய்கிறார் என்பதால், தரக் கட்டுப்பாட்டில் நாங்கள் அலட்சியம் காட்டுவதில்லை. வாரம் ஒரு முறையும், புதிய லாட் (ஒரே தொகுப்பாகத் தயாரான) ஸ்ட்ரிப், அதாவது சோதனைப் பட்டை, வந்தவுடனும் இரண்டு நிலைகளில் திரவ கன்ட்ரோல் (எதிர்பார்க்கும் மதிப்பு முன்பே தெரிந்த சோதனைத் திரவம்) போடுகிறோம். ஒவ்வொரு ஸ்ட்ரிப்பிலும் அதன் நிலையைத் தானே சோதித்துக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. பதிவேட்டின் எல்லா வரிகளிலும் ‘சரி’ என்றே எழுதப்பட்டிருக்கிறது.

ஆனால், அண்மையில் புதிய லாட் பயன்பாட்டுக்கு வந்த பிறகு, வேறு பரிசோதனைகளுக்காகச் சிரை ரத்தம் எடுக்கும்போது அதனோடு சேர்த்து ஆய்வகத்துக்கு அனுப்பிய ஐஎன்ஆர், எங்கள் கருவி காட்டியதிலிருந்து விலகி வருகிறது. செயற்கை மைட்ரல் வால்வு பொருத்தப்பட்ட ஒருவருக்குக் கருவி 3.4 காட்டியது; ஆய்வகம் 2.7 என்றது. அவருடைய இலக்கு 2.5 முதல் 3.5 வரை என்பதால் இரண்டுமே இலக்குக்குள் அடங்கிவிட்டன. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதய மேலறைகளின் ஒழுங்கற்ற துடிப்பு) உள்ள இன்னொருவருக்கு, இலக்கு 2 முதல் 3 வரை இருக்க, கருவி 3.3 என்றும் ஆய்வகம் 2.6 என்றும் காட்டின. முதல் எண்ணை நம்பினால் மருந்தைக் குறைக்க வேண்டும்; இரண்டாவதை நம்பினால் எதையும் மாற்றத் தேவையில்லை. அந்த நோயாளியின் கையேட்டில் எந்த எண்ணை எழுதுவது என்ற கேள்விக்கு எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

கன்ட்ரோல் சரியாக இருக்கும்போது நோயாளியின் முடிவு எப்படித் தவறாக இருக்க முடியும்? எவ்வளவு வேறுபாடு இயல்பானது, எங்கிருந்து கவலைப்பட வேண்டும்? கன்ட்ரோலைத் தினமும் போட்டால் இது முன்பே தெரிந்திருக்குமா? விலகல் என்றாலே ஆய்வகம்தான் சரி என்று எடுத்துக்கொள்வதும் முறைதானா? இத்துறையில் அனுபவம் உள்ளவர்கள் விளக்கமாக எழுதினால் உதவியாக இருக்கும்.

---

பதில்: ஆய்வகத் தரப் பொறுப்பாளர்

வணக்கம். கன்ட்ரோல் எதைச் சோதிக்கிறது, எதைச் சோதிக்கவில்லை என்பதிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் மற்ற கேள்விகளுக்கான விடைகளும் அதில்தான் இருக்கின்றன.

ஆய்வகத்தில் உள்ள பெரிய உறைதல் கருவியில் ஒரே ரீஏஜென்ட் (சோதனைக்கான வேதிப்பொருள்) குப்பியிலிருந்து எடுத்து நூறு மாதிரிகளைச் சோதிக்கிறோம். காலையில் போட்ட கன்ட்ரோல் சரியாக வந்தால், அடுத்த மாதிரிக்கும் அதே ரீஏஜென்ட், அதே வெப்பநிலை, அதே ஒளியியல் அமைப்பு என்று ஓரளவு நம்பலாம். கையடக்கக் கருவியில் நிலைமை வேறு. ரீஏஜென்ட், கலக்கும் அறை, அளக்கும் மின்முனை எல்லாமே ஸ்ட்ரிப்புக்குள் இருக்கின்றன. ஒரு முறை பயன்படுத்தியதும் அது குப்பைக்குப் போய்விடுகிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒரே பானையில் வெந்த சோற்றுக்குத்தான் பொருந்தும். நீங்கள் கன்ட்ரோல் போட்ட ஸ்ட்ரிப் நல்ல நிலையில் இருந்தது என்பதால், மூடியைச் சரியாக மூடாமல் வைத்த அடுத்த டப்பாவில் உள்ள ஸ்ட்ரிப்பும் நல்ல நிலையில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

இந்தக் குறையை ஈடுகட்டத்தான் ஸ்ட்ரிப்புக்குள்ளேயே ஒரு சோதனையை வைத்தார்கள். எடுத்துக்காட்டாக, கோஅகுசெக் எக்ஸ்எஸ் வகை ஸ்ட்ரிப்பில் ரெசசூரின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. வெப்பமோ ஈரப்பதமோ தாக்கியிருந்தால் அது மாற்றம் அடைந்திருக்கும். கருவி அதைக் கண்டுகொண்டு முடிவைத் தராமல் பிழைச் செய்தியைக் காட்டும். இது மிகவும் பயனுள்ள ஏற்பாடு. ஆனால் தொழிற்சாலையில் அந்த லாட் முழுவதற்கும் கொடுத்த அளவுத்திருத்தமே சற்று விலகியிருந்தால் அதை இந்தச் சோதனை காட்டாது. விரலை அழுத்திப் பிழிந்ததையும் காட்டாது. பக்கத்துக் கட்டில் நோயாளியின் பெயரில் முடிவு பதிவானதையும் காட்டாது. சில கருவிகளோடு வரும் மின்னணு கன்ட்ரோலோ மின்சுற்றை மட்டுமே பார்க்கிறது. ஸ்ட்ரிப்பின் வேதியியலை அது தொடுவதே இல்லை.

அளவுத்திருத்தம் என்று குறிப்பிட்டதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நோயாளியின் புரோத்ராம்பின் நேரத்தை (ரீஏஜென்ட் சேர்த்த பின் உறைய எடுக்கும் நேரம்) இயல்பானவர்களின் சராசரி நேரத்தால் வகுத்து, வரும் விகிதத்தை, ரீஏஜென்ட்டின் உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஐ என்ற எண்ணின் அடுக்குக்கு உயர்த்தினால் கிடைப்பதுதான் ஐஎன்ஆர். உறைதலைத் தூண்டும் வெவ்வேறு த்ராம்போபிளாஸ்டின் ரீஏஜென்ட்டுகள் வெவ்வேறு நேரங்களைக் காட்டியதால், எல்லாவற்றையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவர உலக சுகாதார நிறுவனம் 1983இல் இந்த முறையை ஏற்றது. ஐஎஸ்ஐ 1.0 ஆக இருந்தால், நேரத்தில் 10 விழுக்காடு பிழை ஐஎன்ஆரிலும் 10 விழுக்காடாகவே வரும், ஐஎஸ்ஐ 2.0 ஆக இருந்தால் அதே பிழை 21 விழுக்காடாகப் பெருகிவிடும். கையடக்கக் கருவியில் இந்தக் கணக்கு முழுவதும் லாட் குறியீட்டுக்குள் அடங்கியிருக்கிறது; நமக்குத் தெரிவது கடைசி எண் மட்டுமே. ஆகவே லாட் மாறிய பிறகு விலகல் தொடங்கியது என்று நீங்கள் எழுதியிருப்பது மிக முக்கியமான குறிப்பு.

லாட்டின் அளவுத்திருத்தம் விலகுவது கற்பனையான ஆபத்து அல்ல. 2018இல் ரோஷ் நிறுவனம் கோஅகுசெக் ஸ்ட்ரிப்புகளைத் திரும்பப் பெற்றது. அமெரிக்காவில் மட்டும் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட பொதிகள். உலக சுகாதார நிறுவனத்தின் புதிய சர்வதேச ஒப்பீட்டுப் பொருளுக்கு ஏற்ப அளவுத்திருத்தத்தை மாற்றியபோது, 4.5க்கு மேற்பட்ட மதிப்புகளை அந்த ஸ்ட்ரிப்புகள் ஆய்வகத்தைவிட அதிகமாகக் காட்டின. அதற்கு முன், எதிர்த்திசையில், அலீர் நிறுவனத்தின் ஐன்ரேஷியோ கருவி ஆய்வகத்தைவிடக் குறைவாகக் காட்டிய சிக்கலால் 2016இல் சந்தையிலிருந்தே விலக்கப்பட்டது. 2011இல் வெளியான, ரிவராக்சபான் என்ற மருந்தை வார்ஃபரினோடு ஒப்பிட்ட ராக்கெட் ஏஎஃப் ஆய்வில் வார்ஃபரின் பிரிவு நோயாளிகளுக்குப் பயன்படுத்தியது அந்தக் கருவிதான் என்பதால், அந்த ஆய்வின் முடிவுகளையே மீண்டும் பரிசீலிக்க வேண்டியதாயிற்று.

அடுத்து, உங்கள் பதிவேட்டில் உள்ள ‘சரி’ என்ற சொல். தயவுசெய்து அதை நீக்கிவிட்டு எண்ணை எழுதச் சொல்லுங்கள். கன்ட்ரோலோடு வரும் தாளில் உற்பத்தியாளர் தரும் எல்லை அகலமானது. பல கருவிகளையும் பல கைகளையும் மனத்தில் வைத்துப் போட்டது. தாளில் 2.0 முதல் 3.0 வரை என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். உங்கள் கருவியில் அது வழக்கமாக 2.4ஐ ஒட்டி, 0.1 என்ற திட்ட விலக்கத்தோடு வந்துகொண்டிருக்கிறது. ஒரு நாள் 2.8 வருகிறது. தாளின்படி அது ‘சரி’; உங்கள் சொந்த வரலாற்றின்படி அது சராசரியிலிருந்து நான்கு திட்ட விலக்கம் தள்ளி நிற்கிறது. லீவியும் ஜென்னிங்ஸும் 1950இல் அறிமுகப்படுத்திய வரைபடத்தில் புள்ளி வைத்திருந்தால் பார்த்தவுடன் தெரிந்திருக்கும். கன்ட்ரோலைத் தினமும் போட்டு ‘சரி’ என்று எழுதுவதைவிட, வாரம் ஒரு முறை போட்டு எண்ணைப் புள்ளியாக வைப்பது எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான கருத்து.

எவ்வளவு வேறுபாடு இயல்பு என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கருவியின் மாறுபாட்டுக் கெழு (ஒரே மாதிரியைத் திரும்பத் திரும்ப அளக்கையில் வரும் சிதறல்) 5 விழுக்காடு, ஆய்வகத்தினுடையது 3 விழுக்காடு எனக் கொண்டால், இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி மூலம் எடுக்கையில் ஏறத்தாழ 5.8 விழுக்காடு வருகிறது. ஐஎன்ஆர் 3.0 உள்ளவரிடம் இரண்டும் எந்தச் சாய்வும் இல்லாமல் வேலை செய்தாலும், 20 இணைகளில் 19இல் வேறுபாடு சுமார் 0.35க்குள் இருக்கும். எனவே 0.3 வேறுபாட்டுக்காக யாரையும் எழுப்ப வேண்டாம். இலக்கு எல்லைக்குள் 0.5 வரை ஏற்பது பல இடங்களில் நடைமுறை. உங்களுடைய 0.7 இதைத் தாண்டுகிறது. ஐஎஸ்ஓ 17593 தர ஆவணத்தின் 2007ஆம் ஆண்டுப் பதிப்பு, ஐஎன்ஆர் 2.0 முதல் 4.5 வரை உள்ள முடிவுகளில் 90 விழுக்காடு, ஒப்பீட்டு முறையிலிருந்து 30 விழுக்காட்டுக்குள் இருந்தால் போதும் என்கிறது. அது கருவியைச் சந்தைக்கு அனுப்புவதற்கான எல்லை, 3.0 உள்ளவருக்கு 2.1 காட்டினாலும் 3.9 காட்டினாலும் அதில் தேறிவிடும். வார்டில் அந்த எல்லையை வைத்துக்கொண்டு நிம்மதி அடைய முடியாது.

ஒன்றிரண்டு இணைகளை வைத்து முடிவுக்கு வராதீர்கள். ஐஎன்ஆர் 1.5 முதல் 4.5 வரை பரவியிருக்குமாறு நோயாளிகளைத் தேர்ந்து, ஒரே அமர்வில் விரல் ரத்தமும் சிரை ரத்தமும் எடுத்து, வேறுபாட்டை இரண்டின் சராசரிக்கு எதிராக வரைந்து பாருங்கள். வேறுபாடுகள் மேலும் கீழுமாகச் சிதறினால் கைப்பழக்கத்தையும் மாதிரியையும் சந்தேகிக்க வேண்டும். எல்லாமே ஒரே பக்கம் சாய்ந்தால் அளவுத்திருத்தத்தைச் சந்தேகிக்க வேண்டும். சாய்வே இல்லாத கருவியில் அடுத்தடுத்து ஆறு வேறுபாடுகளும் ஒரே பக்கம் விழும் வாய்ப்பு 32இல் 1தான். பழைய லாட்டில் ஸ்ட்ரிப் மிச்சம் இருந்தால், அதே நோயாளிக்கு வேறு விரலில் குத்தி அதையும் போட்டுப் பாருங்கள். இரண்டு கருவிகளிலும் புதிய லாட் மட்டும் அதிகம் காட்டினால் குற்றம் லாட்டில். ஒரு கருவி மட்டும் எந்த லாட்டிலும் அதிகம் காட்டினால் குற்றம் கருவியில்.

ஆய்வகத்தையும் கேள்வி கேட்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பது முற்றிலும் சரி. ஆனால் திசையைப் பாருங்கள். சிட்ரேட் (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) உள்ள குழாயில் குறியிட்ட அளவுக்குக் குறைவாக ரத்தம் நிரப்பினால் சிட்ரேட் மிகுந்து, நேரம் நீண்டு, ஆய்வக ஐஎன்ஆர் பொய்யாக உயரும். ஹீமடோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 55 விழுக்காட்டைத் தாண்டியவரிடமும் அதேதான் நடக்கும். உங்களுக்கு ஆய்வக மதிப்பு குறைவாக வந்திருப்பதால் இவை இரண்டும் காரணமாக இருக்க முடியாது. மாறாக, குழாயை யாராவது குளிர்பெட்டியில் வைத்திருந்தால் ஏழாம் உறைதல் காரணி குளிரில் செயலூக்கம் பெற்று நேரம் சுருங்கலாம்; ஐஎன்ஆர் குறைவாக வரும். புரோத்ராம்பின் நேரத்துக்கான மாதிரியை அறை வெப்பத்தில் வைப்பதே முறை. இதையும், ஆய்வகம் அண்மையில் த்ராம்போபிளாஸ்டின் லாட்டை மாற்றியபோது இயல்புச் சராசரியையும் ஐஎஸ்ஐயையும் புதுப்பித்ததா என்பதையும் கேட்டறியுங்கள். வேறோர் ஆய்வகத்துக்கும் இணை மாதிரி அனுப்ப முடிந்தால் ஐயம் விரைவில் தீரும்.

---

பதில்: பெர்ஃப்யூஷன் (இதய-நுரையீரல் இயந்திரம் இயக்கும்) பணியாளர்

மேலே சொன்னவற்றோடு, கன்ட்ரோலைக் கையாளும் முறையைப் பற்றிக் கொஞ்சம் சேர்க்க விரும்புகிறேன்.

உறைந்து உலர்ந்த பிளாஸ்மா கன்ட்ரோல் குப்பியைத் திறப்பதற்கு முன் அடிப்பகுதியை மேசையில் மெல்லத் தட்ட வேண்டும். ரப்பர் மூடியின் உட்புறம் தூள் ஒட்டிக்கொண்டிருப்பதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் காணலாம். அது அங்கேயே தங்கிவிட்டால், கரைசலில் உறைதல் காரணிகள் குறைந்து நேரம் நீளும். கரைப்பானை ஊற்றியதும் நுரை பொங்கக் குலுக்கக் கூடாது. குப்பியைச் சாய்த்துச் சுழற்றி, கரையும் வரை காத்திருந்து, தாளில் குறித்த நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். கரைப்பானைக் கண்ணளவில் ஊற்றுவதையும் நான் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் அளப்பது கருவியை அல்ல, ஊற்றிய கையைத்தான்.

நான் அன்றாடம் பார்ப்பது ஐஎன்ஆர் அல்ல, ஏசிடி (தூண்டிவிட்ட முழு ரத்தம் உறையும் நேரம்). இதய அறுவையில் ஹெப்பரின் (உடனே வேலை செய்யும் உறைதல் தடுப்பு மருந்து) கொடுத்த பிறகு, நோயாளியை இதய-நுரையீரல் இயந்திரத்தோடு இணைக்கும் முன், உறையும் நேரம் 480 வினாடியைத் தாண்ட வேண்டும் என்பது நெடுங்கால வழக்கம். சில இடங்களில் 400ஐ ஏற்கிறார்கள். ஹேட்டர்ஸ்லி 1966இல் விவரித்த இந்தச் சோதனைக்கு ஐஎன்ஆர் போன்ற சர்வதேச அளவுகோல் இன்றுவரை கிடையாது. உறைதலைத் தூண்ட செலைட் பொடி போட்ட குழாயில் வரும் வினாடியும் கேயொலின் பொடி போட்ட குழாயில் வரும் வினாடியும் ஒன்றல்ல. உடல் குளிர்ந்தாலும் ரத்தம் நீர்த்தாலும் நேரம் நீளும். ரத்தக்கசிவைக் குறைக்கும் அப்ரோட்டினின் மருந்து கொடுத்திருந்தால் செலைட்டில் மிக நீளும். அதனால் ஒரு கருவியிலிருந்து இன்னொரு கருவிக்கு மாறும்போது பழைய எண்ணை அப்படியே இலக்காக வைத்துக்கொள்ளக் கூடாது. இரண்டையும் ஒரே ரத்தத்தில் ஒப்பிட்டுப் புதிய இலக்கை எழுத்தில் வகுத்த பிறகே மாற வேண்டும். வெப்பக் குழி 37 டிகிரியில் நிற்கிறதா என்பதையும் தனி வெப்பமானியால் அவ்வப்போது பார்க்கிறோம். அறுவை நடக்கும்போது ஆய்வக முடிவுக்காகக் காத்திருக்க நேரம் இருக்காது; எல்லாச் சந்தேகத்தையும் முன்கூட்டியே தீர்த்துவைத்திருக்க வேண்டும்.

---

பதில்: ரத்தவியல் மருத்துவர்

செவிலியர் அவர்களுக்கு: லாட் ஒரு சந்தேகம் என்றால், நோயாளியே இன்னொரு சந்தேகம். விலகல் எல்லா நோயாளிகளிடமும் இருக்கிறதா, சிலரிடம் மட்டும் இருக்கிறதா என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள் (பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்போடு பிணையும் எதிர்ப்பொருள்) உள்ளவர்களிடம், குறிப்பாக அதன் ஒரு வகையான லூபஸ் ஆன்டிகோவாகுலன்ட் உள்ளவர்களிடம், விரல்நுனிக் கருவி உண்மையைவிட மிக உயர்ந்த ஐஎன்ஆரைக் காட்டக்கூடும். அந்தப் பொருள் ஸ்ட்ரிப்பில் உள்ள பாஸ்போலிப்பிடோடு மல்லுக்கு நிற்பதே காரணம். கன்ட்ரோல் எத்தனை முறை போட்டாலும் இது தெரியாது. கன்ட்ரோல் பிளாஸ்மாவில் அந்த எதிர்ப்பொருள் இல்லை. இவர்களுடைய உறைவோ திரும்பத் திரும்ப வரும் இயல்புடையது. பொய்யாக உயர்ந்த எண்ணைப் பார்த்து மருந்தைக் குறைப்பது அவர்களை நேராக ஆபத்தில் கொண்டுபோய் விடும். இத்தகையவர்களின் பெயர்ப் பட்டியலைத் தனியே வைத்து, அவர்களுக்குச் சிரை ரத்தத்திலேயே பார்க்க வேண்டும். ஐயம் இருந்தால் குரோமோஜெனிக் (நிறமாற்றத்தைக் கொண்டு அளக்கும்) முறையில் பத்தாம் உறைதல் காரணியை அளந்து மருந்தின் விளைவை மதிப்பிடலாம்.

ரத்தச்சோகை மிகுந்தவர்களிடமும், ஹீமடோகிரிட் மிக உயர்ந்தவர்களிடமும் கருவிக்கு எல்லை உண்டு. பல கருவிகளுக்கு 25 முதல் 55 விழுக்காடு வரை என்று உற்பத்தியாளரே குறித்திருப்பார். வார்டில் அடிக்கடி காணும் இன்னொரு சிக்கல் ஹெப்பரின். வார்ஃபரின் வேலை செய்யத் தொடங்கும்வரை ஹெப்பரினும் சேர்த்துக் கொடுக்கும் நாட்களில், ஸ்ட்ரிப்பில் உள்ள ஹெப்பரின் நீக்கி ஓர் அளவு வரைதான் தாங்கும். ஹெப்பரின் செலுத்தும் குழாயிலிருந்து எடுத்த ரத்தத்தை ஸ்ட்ரிப்பில் வைக்கவே கூடாது. ரிவராக்சபான் போன்ற புதிய மருந்துகளை எடுப்பவருக்கு இந்தக் கருவியில் வரும் எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. அந்த எண் அந்த மருந்தின் அளவைச் சொல்லாது. வார்ஃபரினிலிருந்து அதற்கு மாறும் நாட்களில் இது பெரிய குழப்பத்தை உண்டாக்கும்.

மதிப்பு உயர உயர இரண்டு முறைகளும் விலகுவது இயல்பு. அதனால் கருவி 4.5க்கு மேல் காட்டினால், ரத்தக்கசிவு இருந்தால் சிகிச்சையைத் தாமதிக்காமல், சிரை மாதிரியை அனுப்பி உறுதி செய்துகொள்வது நல்லது. எந்த மதிப்பில் உறுதி செய்வது என்பதை உங்கள் இடத்தில் எழுத்தில் முடிவு செய்து, கருவியின் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள். இரவுப் பணியில் தனியாக இருக்கும் செவிலியர் அதை யோசித்து முடிவு செய்ய வேண்டிய நிலை வரக் கூடாது.

இறுதியாக விரல். கையை வெதுவெதுப்பான நீரில் கழுவி முழுவதும் உலர்த்த வேண்டும். ஸ்பிரிட் ஈரம் இருந்தால் ரத்தம் நீர்த்து முடிவு மாறும். கையைத் தாழ்த்தி வைத்து, உள்ளங்கையிலிருந்து விரல் நோக்கி மெல்ல நீவலாம். குத்திய பிறகு நுனியைப் பிழியக் கூடாது. பிழியும்போது வரும் திசுநீரில் உறைதலைத் தூண்டும் பொருள் இருக்கிறது. பல கருவிகளில் முதல் துளியையே, குத்திய 15 வினாடிக்குள், ஸ்ட்ரிப்பில் வைக்க வேண்டும். சர்க்கரை பார்ப்பது போல முதல் துளியைத் துடைத்துவிடும் பழக்கம் இங்கே கேடு செய்யும். துளி போதவில்லை என்று மேலே இன்னொரு துளியைச் சேர்ப்பதும் கூடாது. புதிய ஸ்ட்ரிப்போடு, வேறு விரலில், முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

---

பதில்: வீட்டிலேயே பார்க்கும் நோயாளி

எனக்கு அயோர்ட்டிக், மைட்ரல் இரண்டு வால்வுகளும் செயற்கையானவை. வீட்டிலேயே ஐஎன்ஆர் பார்த்து மருத்துவரிடம் சொல்லி அளவைச் சரிசெய்துகொள்கிறேன். நோயாளிகளின் சார்பில் ஒன்றிரண்டு சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்குத் திரவ கன்ட்ரோல் வாங்கி வைப்பதில்லை. ஸ்ட்ரிப் தன்னைத் தானே சோதித்துக்கொள்வதையும், அவ்வப்போது மருத்துவமனையில் சிரை ரத்தத்தோடு ஒப்பிடுவதையும் மட்டுமே நம்பியிருக்கிறோம். அதனால் ஒப்பிடும் நாளில் என் கருவியையும் எடுத்துச் சென்று, சிரை ரத்தம் எடுக்கும் அதே அறையில் விரல் சோதனையையும் செய்கிறேன். வீட்டில் காலையில் பார்த்துவிட்டு மாலையில் ஆய்வகத்துக்குப் போனால் அது ஒப்பீடு ஆகாது. இடைப்பட்ட நேரத்தில் உண்மையான மதிப்பே மாறியிருக்கலாம். ஒவ்வொரு முடிவோடும் லாட் எண்ணை எழுதிவைக்கிறேன். புதிய பெட்டியைப் பிரிக்கும்போது பழைய பெட்டியில் ஒரு ஸ்ட்ரிப்பை மிச்சம் வைத்து, இரண்டையும் ஒரே நாளில் பார்க்கிறேன். செலவு கூடினாலும் இந்த ஒன்றை விடுவதில்லை.

செவிலியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த லாட் சிக்கல் உறுதியானால், அதே லாட் ஸ்ட்ரிப்பை வீட்டில் வைத்திருப்பவர்கள் உங்கள் பிரிவில் இருக்கலாம். அவர்களுக்கும் தயவுசெய்து சொல்லிவிடுங்கள். எங்களுக்குத் தெரிய வேறு வழி இல்லை.

---

கேள்வி கேட்டவர்: வார்டு செவிலியர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னபடி இணை மாதிரிகள் எடுத்தோம். ஆன்டிபாஸ்போலிப்பிட் சிக்கல் உள்ளவர்களை விலக்கினோம். ஒவ்வொரு இணையிலும் கருவி ஆய்வகத்தைவிட உயர்ந்தே நின்றது. விகிதம் ஏறத்தாழ 1.25. இரண்டு கருவிகளிலும் புதிய லாட் இப்படித்தான் காட்டுகிறது. வேறொரு வார்டிலிருந்து கிடைத்த பழைய லாட் ஸ்ட்ரிப் ஆய்வகத்தோடு நெருங்கி வருகிறது. ஆய்வகம் எந்த மாதிரியையும் குளிரில் வைக்கவில்லை. இரண்டாவது ஆய்வகத்தின் எண்ணும் முதலாவதோடு ஒத்துப்போகிறது.

கன்ட்ரோல் எண்களைப் பழைய தாள்களிலிருந்து எடுத்து வரைந்தபோது, புதிய லாட் வந்த நாளிலிருந்து புள்ளிகள் மேலே ஏறி, தாளின் உச்ச எல்லைக்குச் சற்றுக் கீழே வரிசையாக நிற்பது தெரிந்தது. ஒன்றுகூட எல்லையைத் தாண்டவில்லை.

இந்த லாட்டைப் பூட்டி வைத்துவிட்டோம். இப்போதைக்கு எல்லோருக்கும் சிரை ரத்தம்தான். இந்த லாட்டை வைத்து ஏற்கெனவே முடிவு சொல்லி அனுப்பிய நோயாளிகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. எல்லோரையும் ஒரே நாளில் அழைக்க ஆள்வசதி இல்லை. யாரை முதலில் அழைப்பது?

---

பதில்: ரத்தவியல் மருத்துவர்

கருவி உயர்த்திக் காட்டியிருக்கிறது. ஆகவே ஆபத்து ரத்தக்கசிவின் பக்கம் இல்லை, உறைவின் பக்கம் இருக்கிறது. உயர்ந்த எண் வந்தவர்களைத் தேடத்தான் கை முதலில் போகும். இங்கே இலக்குக்குள் இருப்பதாகத் தோன்றியவர்களையே முதலில் தேட வேண்டும்.

1.25ஆல் வகுத்துப் பாருங்கள். செயற்கை மைட்ரல் வால்வு உள்ளவருக்குக் கருவி 3.1 காட்டியிருந்தால் உண்மை மதிப்பு 2.5ஐ ஒட்டியே இருந்திருக்கும், 2.8 காட்டியிருந்தால் 2.2தான். அவர்கள் எல்லோரும் தாங்கள் பாதுகாப்பாக இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பார்கள். எனவே செயற்கை வால்வு உள்ளவர்களில் 3.1 அல்லது அதற்குக் கீழே எண் பெற்றவர்களை இன்றே அழையுங்கள். அதோடு, எந்த நோயாக இருந்தாலும், இந்த லாட்டின் எண்ணைப் பார்த்து மருந்து குறைக்கப்பட்டவர்களையும் இன்றே அழையுங்கள், 3.3 என்று பார்த்துக் குறைத்தவருக்கு உண்மையில் 2.6 இருந்திருக்கும், குறைத்த பிறகு இப்போது 2க்குக் கீழே இறங்கியிருக்கவும் கூடும். அண்மையில் காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி வந்து சிகிச்சையின் தொடக்கத்தில் இருப்பவர்களும் இந்த முதல் வரிசையில் சேர்வார்கள்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களில் 2.5க்குக் கீழே எண் பெற்றவர்கள் அடுத்த வரிசை. மற்றவர்களை அவர்களுடைய வழக்கமான நாளில், ஆனால் சிரை ரத்தத்தில், பார்த்தால் போதும். தொலைபேசியில் பேசும்போது பழைய எண்ணை வகுத்துக் கணக்கிட்டு மருந்தின் அளவைச் சொல்லிவிட வேண்டாம். அந்தக் கணக்கு யாரை முதலில் அழைப்பது என்று வரிசைப்படுத்த மட்டுமே. அளவை மாற்றுவது புதிய சிரை முடிவைப் பார்த்த பிறகுதான். பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலவீனம், திடீர் மூச்சுத்திணறல், கால் வீக்கம், வால்வின் டிக்டிக் ஒலியில் மாற்றம் ஆகியவற்றில் ஏதேனும் உண்டா என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். இருந்தால் ஆய்வகத்துக்கு அல்ல, நேராக அவசரப் பிரிவுக்கு வரச் சொல்லுங்கள்.

மேலே எழுதிய நோயாளியின் வேண்டுகோளையும் இதே பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் இந்த லாட்டை வைத்திருப்பவர்களுக்கு மாற்று ஸ்ட்ரிப் கிடைக்கும்வரை சிரை ரத்தத்தில் பார்க்க நாள் குறித்துக் கொடுங்கள்.

---

பதில்: ஆய்வகத் தரப் பொறுப்பாளர்

மருத்துவர் சொன்ன வேலை முடிந்த கையோடு, உற்பத்தியாளருக்கும் உங்கள் நாட்டின் மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்புக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். லாட் எண், இணை முடிவுகளின் அட்டவணை, கன்ட்ரோல் வரைபடம், சேமிப்பு வெப்பநிலைப் பதிவு, கருவிகளின் வரிசை எண்கள் ஆகியவை அதில் இருக்க வேண்டும். நோயாளிகளின் பெயர் வேண்டாம். பூட்டி வைத்த பெட்டிகளை அவர்கள் கேட்கும்வரை எறிந்துவிடாதீர்கள். பிரிக்காத டப்பா ஒன்றாவது குறித்த வெப்பநிலையிலேயே இருக்கட்டும். சேமிப்பில் பிழை என்ற மறுமொழி வந்தால் அதுவே உங்கள் சான்று.

வெளித் தர மதிப்பீட்டுத் திட்டம் ஒன்றில் இரண்டு கருவிகளையும் சேர்த்துவிடுங்கள். யுகே நெக்வாஸ், நெதர்லாந்தின் ஈகாட் போன்றவை கையடக்க ஐஎன்ஆர் கருவிகளுக்கென்றே மாதிரிகள் அனுப்புகின்றன. உலர்ந்த பிளாஸ்மா முழு ரத்தத்தைப் போல நடந்துகொள்ளாது என்பதால், உங்கள் எண்ணை அதே வகைக் கருவி வைத்திருப்பவர்களின் நடு எண்ணோடு ஒப்பிட வேண்டும். ஒரே லாட் எல்லோரிடமும் இருந்தால் அந்தக் குழுவே சேர்ந்து விலகக்கூடும் என்பதால், ஆய்வகத்தோடு செய்யும் இணை ஒப்பீட்டை அதன் காரணமாக நிறுத்திவிடக் கூடாது. அடுத்த லாட் வரும்போது பழைய லாட் தீர்வதற்கு முன்பே ஒரு பெட்டியை வரவழைத்து, சில நோயாளிகளிடம் இரண்டையும் ஆய்வகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, அதன் பிறகே வார்டுக்குக் கொடுங்கள்.